கோல்மன் சால்மன் ஹேச்சரி (மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணை), ஒரு தடவ போயிட்டு வாங்க

கலிஃபோர்னியால ஆண்டர்சன் ஊர் பக்கம் பேட்டில் க்ரீக் ஓரமா இருக்கு, அக்டோபர்ல போனா சால்மன் மீன் ஏணில (படிப்படியா தண்ணி ஓடுற வழி) ஏறி வர்றத நின்னு பாக்கலாம், செம. ஆனா என்னைய இழுத்தது அந்த 2020 கதைதான், ஜனவரில குஞ்சுங்க திடீர்னு கிறுகிறுன்னு சுத்தி சாஞ்சு செத்துருக்கு, பாத்தா கிருமியெல்லாம் இல்லங்க, முட்டையிலயே பி1 வைட்டமின் கம்மி! தாய் மீனு கடல்ல நெத்திலியாவே தின்னுருக்கு, நெத்திலில இருக்குற தயாமினேஸ்ங்கிற என்சைம் பி1-ஐ உடைச்சிடுமாம் (நம்ம நெத்திலி வறுவலுக்கு பயம் வேணாம், சூட்டுல அது போயிடும்). தயாமின் (அதான் பி1) கலந்த தண்ணில விட்டா குஞ்சு சில மணி நேரத்துல தேறிடுது, அப்புறம் தாய் மீனுக்கே ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க. அஞ்சு ஸ்டார், புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க.