நெடும்பயணத்துக்குக் காரின் முன்முகத்தைக் காப்பது எப்படி: படலமா, உறையா, டேப்பா?

நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் ஓடும் காரின் பெயிண்டுக்குச் சேதம் எங்கே வரும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. முன்னே செல்லும் லாரியின் சக்கரங்கள் வாரியெறியும் பொடிக்கற்களும், அந்தி நேரத்தில் கூட்டமாகக் குறுக்கே பறக்கும் பூச்சிகளும் பம்பரிலும், பானெட்டின் முன்விளிம்பிலும், முகப்பு விளக்குகளிலும், பக்கக் கண்ணாடிகளின் முதுகிலும்தான் வந்து மோதுகின்றன. தொழிற்சாலையில் பூசப்படும் பெயிண்டின் தடிமனோ, அடிப்பூச்சு முதல் மேலே பளபளக்கும் கிளியர் கோட் வரை எல்லா அடுக்குகளும் சேர்ந்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரைத் தாக்கும் ஒரு கல், அதே கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றலோடு தாக்கும். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் அங்கே விழும் புள்ளி பார்வைக்கு மட்டுமே குறை. இரும்புத் தகடாலான பானெட்டில் அதே புள்ளி உலோகம் வரை இறங்கிவிட்டால் துருவுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

இந்தச் சேதத்தைத் தடுக்கச் சந்தையில் கிடைக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, என் காருக்கு முன்முகம் முழுவதும் பெயிண்ட் பாதுகாப்புப் படலம், அதாவது பலரும் பி.பி.எஃப். என்று சொல்லும் ஒளிபுகும் படலத்தை ஒட்டிக்கொண்டேன். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற வழிகள் பயனற்றவை என்பது என் கருத்தன்று. அவற்றில் ஒன்றை, குறிப்பிட்ட சூழலில், நானே பரிந்துரைக்கிறேன்.

மெழுகையும் செராமிக் பூச்சையும் இந்தப் போட்டியில் சேர்க்கவே தேவையில்லை. செராமிக் பூச்சின் தடிமன் ஓரிரு மைக்ரான் அளவே. அதன் விளம்பரத்தில் வரும் 9எச் என்ற எண் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோலே தவிர, கல்லடியைத் தாங்கும் திறனைக் குறிப்பதன்று. பூச்சிக்கறையை எளிதாகக் கழுவ அது உதவும் என்பது உண்மை, ஆனால் கல்லைத் தடுக்காது. பானெட்டின் முன்விளிம்பில் பொருத்தும் பிளாஸ்டிக் தடுப்புத் தட்டும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறது. காற்றோட்டத்தை மேலே திருப்பிச் சில பூச்சிகளைக் கண்ணாடிக்கு மேலாக அனுப்பிவிடும். பம்பருக்கும் விளக்குகளுக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை, தட்டுக்கும் பானெட்டுக்கும் இடையே சேரும் மண்ணையும் அவ்வப்போது எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெயிண்டர்கள் பயன்படுத்தும் நீல நிற மாஸ்கிங் டேப் உண்மையான போட்டியாளர். பயணத்துக்கு முதல் நாள் காரைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பானெட்டின் முன்பகுதியிலும் பம்பரிலும் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வரிசையாக ஒட்டிவிட்டால், பூச்சியும் மணலும் பொடிக்கல்லும் பெரும்பாலும் அந்தத் தாளோடு நின்றுவிடும். மேல் வரிசை கீழ் வரிசையின் மீது படிந்திருப்பதால் பானெட்டில் வழியும் மழைநீர் இடையில் புகாமல் ஓடிவிடும் என்பதற்காகவே கீழிருந்து தொடங்கச் சொல்கிறேன். பக்கங்களில் வெளிமுனைகளைச் சக்கர வளைவின் உட்புறமாக மடித்து ஒட்டினால் காற்று முனையைக் கிளப்பாது. வாகன நிறுத்த உணரிகளையும், முகப்புச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும், முன்னே செல்லும் வண்டியின் தொலைவை அளக்கும் ரேடாரையும், விளக்குகளையும், எண்பலகையையும் மூடக் கூடாது.

டேப்பின் எல்லை காலம்தான். பிசின் விடாமல் 14 நாள் வரை கழன்று வரும் என்று உறையில் அச்சிடப்பட்டிருந்தாலும், வெயிலில் கொதிக்கும் பானெட்டின் மீது அந்தக் கணக்குச் செல்லாது; வெப்பம் பிசினை இளக்கிப் பெயிண்டோடு இறுக்கிவிடும், தாள் மட்டும் கிழிந்து கையோடு வரும். பயணம் ஒரு வாரத்துக்குள் முடியும், வழியில் தொடர் மழை இல்லை, வீடு திரும்பிய அன்றே கழற்றிவிட நேரமும் மனமும் இருக்கிறது என்றால், டேப்பைவிடச் சிக்கனமான, நேர்மையான வழி வேறு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நெடும்பயணம் போகிறவருக்கு நான் படலத்தைச் சொல்வதில்லை, டேப்பைத்தான் சொல்கிறேன்.

உருளையாலோ தெளிப்பானாலோ பூசி, பயணம் முடிந்ததும் தோலைப்போல் உரித்தெடுக்கும் தற்காலிகத் திரவப் படலம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி உறுதியாகப் பேசும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. பிறர் காரில் பூசியதையும் உரித்ததையும் பக்கத்தில் நின்று பார்த்த வரையில் ஒன்றை மட்டும் சொல்லலாம்: தடிமனாகப் பூசிய இடங்களில் ஒரே விரிப்பாக உரிந்து வந்தது, மெல்லியதாக விட்ட ஓரங்களில் துண்டு துண்டாகப் பிய்ந்து நகத்துக்கு வேலை வைத்தது. பூசி முழுமையாகக் காய்வதற்குள் மழையில் எடுத்துப் போகவும் முடியாது.

அடுத்தது கார் பிரா என்ற பெயரில் விற்கப்படும் வினைல் உறை. வண்டியின் மாதிரிக்கு ஏற்பத் தைத்து, கொக்கியாலும் பட்டையாலும் இழுத்துக் கட்டும் இந்த உறையின் உட்புறத்தில் மென்மையான துணி வைத்திருப்பார்கள். எறியப்படும் கல்லைத் தாங்குவதில் இதைக் குறை சொல்ல முடியாது. தடிமனில் படலத்தையே மிஞ்சும் உறைகள் உண்டு. வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றலாம் என்பதும் கேட்க நன்றாகவே இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்த காரணம் இங்கேதான் தொடங்குகிறது. பாதுகாப்புப் பொருள் கல்லை எவ்வளவு தாங்கும் என்பதையே விளம்பரங்கள் பேசுகின்றன. ஆனால் அந்தப் பொருளுக்கும் பெயிண்டுக்கும் இடையே என்ன நடக்கிறது, அதைக் கழற்றும் நாளில் அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுமே ஒப்பீட்டின் மையம் என்று நான் கருதுகிறேன். உறை எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டாலும் பெயிண்டோடு ஒட்டியிருப்பதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அதை ஓயாமல் அதிரச் செய்கிறது, விளிம்புகளின் வழியே மணல்தூள் உள்ளே போகிறது, அதற்குப் பிறகு அந்த மென்மையான துணி உப்புத்தாளாக மாறிவிடுகிறது. மழை பெய்தால் துணி நீரை உறிஞ்சிக்கொண்டு பெயிண்டின் மீது ஈரத்தை நாள்முழுதும் பிடித்துவைக்கிறது, கிளியர் கோட் பால்படிந்ததுபோல் மங்கத் தொடங்குகிறது. இதைத் தவிர்க்க ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உறையைக் கழற்றி, இரண்டையும் உலர்த்தி, தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஒரு நாள் ஓட்டத்துக்குப் பிறகு களைத்துப் போய் இறங்கும் யாரும் இதைத் தவறாமல் செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. மாதக்கணக்கில் மாட்டியே வைத்திருப்பவர்களின் கார்களில் வேறொரு சிக்கலும் வருகிறது: உறைக்கு வெளியே உள்ள பெயிண்ட் வெயிலில் நிறம் மாற, உள்ளே இருந்த பகுதி பழைய நிறத்திலேயே தங்கி, கழற்றியதும் பானெட்டின் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. கல் விழாமல் காப்பாற்றிய அதே பெயிண்டைத் தேய்த்துக் கெடுக்கும் பாதுகாப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

படலத்தில் இந்த இடைவெளியே கிடையாது. ராணுவ ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட யூரித்தேன் படலத்தின் வழிவந்தது இன்றைய பி.பி.எஃப். நெகிழ்வான பாலியூரித்தேனால் ஆன இதன் தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும், அதாவது தொழிற்சாலைப் பெயிண்ட் முழுவதற்கும் நிகராகவோ அதற்குச் சற்று மேலாகவோ இன்னொரு அடுக்கு சேர்கிறது. கல் மோதும்போது படலம் அமுங்கி மீள்வதால் ஆற்றல் ஒரே புள்ளியில் இறங்காமல் பரவுகிறது. ஒட்டும் பிசின் மேற்பரப்பு முழுவதும் படிந்திருப்பதால் மணலுக்கோ ஈரத்துக்கோ இடமில்லை, விளிம்பு சரியாக ஒட்டியிருக்கும் வரை. மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீரிலோ தாமாக மறைந்துவிடுகின்றன. ஆழமாக வெட்டிய காயம் மறையாது, அந்தப் பகுதியின் படலத்தைத்தான் மாற்ற வேண்டும். பயணத்தின்போது இதற்கென்று செய்ய வேண்டிய வேலை, பூச்சிக்கறையை அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைப்பது மட்டுமே, அதுவும் பெயிண்டுக்கும் செய்ய வேண்டியதுதான். பூச்சியின் உடற்சாறு வெயிலில் காய்ந்தால் படலத்தின் மேற்பூச்சையும் கறைப்படுத்தும்.

கழற்றும் நாளுக்கு வருகிறேன். நல்ல படலத்துக்கு உற்பத்தியாளர்கள் 5 முதல் 10 ஆண்டுகள் வரை உத்தரவாதம் தருகிறார்கள். அந்தக் காலத்துக்குள், வெப்பக்காற்றில் இளக்கி, பரப்போடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கோணத்தில் மெல்ல இழுத்தால் முழு விரிப்பாகக் கழன்று வரும், மிஞ்சும் பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நீக்கிவிடும், அடியில் தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியே இருக்கும். ஆயுள் முடிந்த பிறகும் விட்டுவைத்தால் படலம் வெடித்து நொறுங்கி, பிசின் பெயிண்டிலேயே தங்கி, நீக்கும் வேலை பெரும்பாடாகிவிடும். ஆகவே, ஒட்டிய தேதியை வண்டியின் ஆவணங்களோடு எழுதிவைப்பது நல்லது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஏற்கெனவே மறுபெயிண்ட் செய்யப்பட்ட பகுதியில், குறிப்பாக அடித்தளம் சரியாகப் பிடிக்காத வேலையில், படலத்தைக் கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். அத்தகைய காருக்கு இதை ஒட்டும் முன் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

மூலப் பெயிண்ட் மிஞ்சுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு மறுவிற்பனையே காரணம். பழைய கார் வாங்குபவர்கள் இப்போது பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கல்லடிப் புள்ளிகளை மறைக்க பானெட்டுக்கு மறுபெயிண்ட் அடித்திருந்தால், மற்ற இடங்களில் 120 காட்டும் கருவி அங்கே 200, 250 என்று ஏறும், விபத்தில் அடிபட்ட வண்டியோ என்ற ஐயம் உடனே எழும். விளக்கம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்த ஐயத்துக்கு விலையில் கழிவு உண்டு. படலம் ஒட்டிய பகுதியிலும் எண் உயரவே செய்யும். ஆனால் படலத்தின் விளிம்பைக் காட்டியோ, வேண்டுமானால் கழற்றியோ அதை அங்கேயே நிரூபித்துவிடலாம். மறுபெயிண்டை அப்படிக் கழற்றிக் காட்ட முடியாது.

பானெட்டின் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டுவதா, முழு முன்முகத்துக்கும் ஒட்டுவதா என்ற கேள்வியும் இருக்கிறது. பாதிப் படலம் செலவில் குறைவு, கல் அதிகம் விழும் இடத்தையும் மூடிவிடும். ஆனால் பானெட்டின் நடுவே ஓடும் அதன் விளிம்பில் மெழுகும் அழுக்கும் சேர்ந்து கோடாகத் தெரிகின்றன, வெளிர்நிறக் கார்களில் கருங்கோடாகவும் கருநிறக் கார்களில் வெண்கோடாகவும். ஆண்டுகள் செல்லச் செல்ல, கழற்றிய பிறகும் நிற வேறுபாடு தெரியலாம் என்ற அச்சமும் எனக்கு இருந்தது. முழு பானெட்டுக்கும் ஒட்டினால் விளிம்பை உட்புறமாக மடித்துவிடலாம், கோடு கண்ணில் படாது. பானெட், பம்பர், முன்சக்கரங்களுக்கு மேலுள்ள ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிகள், முகப்பு விளக்குகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒட்டுவதே முறை என்பது என் முடிவு. பாலிகார்பனேட்டால் ஆன விளக்கு மூடிகளை விட்டுவிடக் கூடாது. கற்கள் கொத்திக் கொத்தி அவை மங்கினால் இரவு ஓட்டத்தில் வெளிச்சமே குறைந்துவிடும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, வண்டியின் மாதிரிக்குரிய வடிவத்தைக் கணினி இயந்திரத்தில் வெட்டி ஒட்டுகிறார்களா, அல்லது காரின் மீதே விரித்துக் கத்தியால் வெட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைதேர்ந்தவர் கையில் இரண்டுமே சரியாக வரும். கைதேராதவர் கையில் இரண்டாவது முறை பெயிண்டில் கத்திக் கோட்டை விட்டுச்செல்லும். பயணத்துக்கு முந்தைய நாள் ஒட்டிக்கொண்டு கிளம்புவதும் நல்லதன்று. ஒட்டும்போது அடியில் தங்கும் ஈரம் வெளியேறிப் பிசின் முழுமையாகப் பிடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும், அதற்குள் அழுத்த நீரில் கழுவினால் விளிம்பு கிளம்பிவிடும். இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டால், கிளம்பும் முன் ஒருமுறை விளிம்புகளைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும்.

எந்தப் படலமும் பெரிய கல்லைத் தடுக்காது, முன்கண்ணாடிக்கும் அது பொறுப்பேற்காது. ஜல்லி ஏற்றிய லாரியின் பின்னால் இடைவெளியைக் கூட்டிக்கொள்வதும், முந்தும்போது அதன் பின்சக்கரங்களுக்கு அருகே நெடுநேரம் நீடிக்காமல் கடந்துவிடுவதும் எந்தப் பொருளாலும் ஈடுசெய்ய முடியாத காப்பு. கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் முன்பாக நிற்கும் ஏ.சி. கண்டென்சரையும் கவனிக்க வேண்டும். மெல்லிய அலுமினியக் குழல்களாலான அதைத் துளைக்க ஒரு கூரிய கல் போதும், குளிர்வாயு வெளியேறிவிட்டால் மீதிப் பயணம் முழுவதும் ஏ.சி. இராது. கிரில்லின் இடைவெளிகள் அகலமாக உள்ள கார்களுக்கு உட்புறத்தில் ஒரு வலையைப் பொருத்திவிடலாம். காற்றோட்டத்தை அடைக்காத அளவுக்குக் கண்கள் அகன்றதாகவும், ரேடார் இருக்கும் கார் என்றால் அதன் முன்னால் உலோகக் கம்பி வராதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.