குடியை நிறுத்தும் வாட்டில் பத்து நாள்: என் மதிப்பீடு

முல்லைத்தீவு மாவட்டத்தில் விசுவமடுப் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டுகிறேன். வயது 47. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் குடிக்கு வைத்தியம் செய்த அனுபவம் இது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். குறையும் எழுதப் போகிறேன், கிளினிக்குக்கும் இன்னும் போகவேண்டியிருக்கிறது.

முதலில் என் விசர் வேலை. போன வைகாசி, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து ஒரேயடியாகக் குடியை விட்டேன். அதுவரை தினமும் அரைப் போத்தல் சாராயம், கை கடிக்கிற நாளில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். காலையில் ஒரு மிடறு உள்ளே போகாவிட்டால் தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்காது. விட்ட மறுநாள் இரவு வலிப்பு வந்து முற்றத்தில் விழுந்தேன். மூன்றாம் நாள் வாட்டுச் சுவரெல்லாம் கட்டெறும்பு ஊருகிறது என்று தும்புத்தடி கேட்டுச் சண்டை பிடித்தேனாம். எறும்பே இல்லை என்கிறாள் மனுசி.

"விட்டது நல்லது ஐயா, வீட்டில் இருந்துகொண்டு ஒரேயடியாக விட்டதுதான் பிழை" என்றார் டொக்டர். வருடக்கணக்காகக் குடித்த மூளை அதற்குப் பழகிவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் பிரேக் இல்லாத வண்டி மாதிரி ஓடும், உயிரும் போகலாம். அதனால் டயசிபாம் குளிசையை நாளுக்கு நாள் குறைத்துத் தந்தார்கள். சேலைன் ஏற்றுங்கோ என்று நான் கத்த, முதலில் தயமின் ஊசி போட்டார்கள். குடிகாரனுக்கு அந்த விற்றமின் வற்றிப்போயிருக்கும், அது இல்லாமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாமாம். இதற்கெல்லாம் ஒரு சதமும் வாங்கவில்லை. பஸ் காசும் மனுசியின் பத்து நாள் கூலியும்தான் எங்கள் செலவு.

எனக்குப் பிடித்தது ஆலோசனை சொன்ன பிள்ளை. ஏன் குடிக்கிறீங்கள் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டா. ஐந்து மணிக்கு, வயலால் வரும் வழியில். "அப்ப நாலரைக்கே சோறு சாப்பிடுங்கோ, மற்ற ஒழுங்கையால் வாங்கோ" என்றா. சிரித்தேன். ஆனால் வயிறு நிறைந்தால் அந்த நேரத்து ஆசை பாதியாகிறது, உண்மைதான். 2009 யுத்தத்தைப் பற்றியும் நானாக வாய் திறக்கும்வரை கேட்கவில்லை.

சரி, குறைக்கு வருவம். கிளினிக்குக்கு வந்தவர்கள் இருக்கிற வாங்கு பொதுவரிசைக்குப் பக்கத்தில். "குடிக் கிளினிக் ஆக்கள் வாங்கோ" என்று ஒருவர் கூப்பிட, எங்கள் ஊர் மாமி ஒருவர் திரும்பிப் பார்த்தா. அன்று பின்னேரம் ஒழுங்கை முழுக்கச் செய்தி. இதனாலேயே இரண்டு பேர் பிறகு வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவித்த பெடியன், பத்தொன்பது வயது. இரண்டு நாள் நித்திரை, எழும்பிச் சாப்பாடு, திரும்ப நித்திரை. அதை மறக்க வைக்க எனக்குத் தந்த மாதிரிக் குளிசை ஒன்றும் இல்லையாம், கதைத்துக் கதைத்துத்தான் மாற்றவேண்டுமாம். ஒரு கிழமையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனபிறகு அவனோடு யார் கதைப்பது? தாய் துண்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றா.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். போகிறவர்கள் கோப்பை, போர்வை கொண்டுபோங்கோ. மனுசியையும் கூட்டிப்போங்கோ. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டதற்குக் கால் போத்தல் என்றேன், நடுக்கம் நிற்கவில்லை. அவ வந்து அரை என்று சொன்ன பிறகுதான் குளிசையைக் கூட்டினார்கள்.