ஸ்பிட்ஃபயரா, மஸ்டாங்கா? விமானியின் இருக்கையிலிருந்து ஓர் ஒப்பீடு

பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் அணிக்கு 'மதராஸ் மாகாண அணி' என்றொரு பெயர் உண்டு. போர்க்கால நன்கொடைக்கு நன்றியாக நம் மாகாணத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1940இல் ஜெர்மானிய விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் அந்த அணி ஓட்டியது ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானம். 1944இன் பிற்பகுதியில் அது மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர்விமானத்துக்கு மாறியது. இன்றும் விமானக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் வாதாடித் தீராத இரண்டு விமானங்களும் இவைதான்.

அந்த வாதம் பெரும்பாலும் வேகம், துப்பாக்கி, வீழ்த்திய எண்ணிக்கை என்றே சுற்றிச் சுற்றி வருகிறது. இன்று இவற்றில் யாரும் யாரையும் சுடப்போவதில்லை. எண்பது வயது கடந்த இந்த இயந்திரங்கள், தம்மை நம்பி ஏறும் விமானியை எப்படி நடத்துகின்றன என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிட்ஃபயர் தரையில் படுத்தி எடுக்கும், வானில் தாங்கிப் பிடிக்கும். மஸ்டாங் தரையில் சொன்னபடி கேட்கும். ஆனால் தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் நேரத்தில் கவனம் பிசகினால் மன்னிக்காது.

முதலில் தரை. ஸ்பிட்ஃபயரின் இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.7 மீட்டர்தான். மஸ்டாங்கில் அது ஏறத்தாழ 3.6 மீட்டர். ஸ்பிட்ஃபயரின் கால்கள் இறக்கையின் அடிவாரத்தில் முளைத்து வெளிப்பக்கமாக மடங்குகின்றன. மஸ்டாங்கின் கால்களோ இறக்கையில் தள்ளி நின்று உட்பக்கமாக மடங்குகின்றன. பக்கக் காற்று வீசும் ஓடுபாதையில் இந்த வேறுபாடு விமானியின் வயிற்றைக் கலக்கும். ஸ்பிட்ஃபயரை ஓட்டுகிறவர்கள் முடிந்தவரை புல்தரையைத் தேடுவது இதனால்தான்.

அடுத்தது சூடு. ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டர் இறக்கையின் அடியில் இருக்கிறது. சக்கரம் இறங்கியிருக்கும்போது அதன் கால் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். எஞ்சினைக் கிளப்பிய நிமிடத்திலிருந்து குளிர்நீரின் வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். விமானி ஒரு கண்ணை அந்த முள்ளின் மீதே வைத்திருக்க வேண்டும். நீண்ட மூக்கு எதிரே இருப்பதையெல்லாம் மறைத்துவிடுவதால், இடமும் வலமும் வளைந்து வளைந்துதான் ஓடுபாதைக்குப் போக முடியும். பிரேக்குக்குக் கட்டுப்பாட்டுக் கம்பியின் பிடியில் சைக்கிள் பிரேக் போன்ற ஒரு நெம்புகோல். அதைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கக் கால்மிதியை அழுத்துகிறாரோ அந்தப் பக்கச் சக்கரம் இறுகும். கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் வால் தூக்கி மூக்கு தரையில் குத்திவிடும். இத்தனையும் செய்துகொண்டிருக்கையில் முள் ஏறிக்கொண்டே இருக்கிறது, முன்னால் இன்னொரு விமானம் வழிவிடாமல் நிற்கிறது. ஸ்பிட்ஃபயர் விமானியின் மிகப் பெரிய பதற்றம் பல நாட்களில் இதுதான்.

கிளம்பும்போதும் ஒரு சோதனை இருக்கிறது. சக்கரத்தை மடக்கும் கைப்பிடி வலப்பக்கம். தரையை விட்டவுடன் இடக்கையை, எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டும், பிறகு வலக்கையால் சக்கரத்தை மடக்க வேண்டும். புதியவர்கள் கை மாற்றும் அந்த நொடியில் விமானம் மேலும் கீழுமாக ஒரு தடவை அசைவதைக் கண்காட்சியில் கவனித்துப் பாருங்கள். பிந்திய ஸ்பிட்ஃபயர்களில் வந்த கிரிஃபன் எஞ்சின், முந்தியவற்றில் இருந்த மெர்லின் எஞ்சினுக்கு நேர் எதிர்த் திசையில் சுழலும். ஒன்றில் மூக்கு இடப்புறம் இழுக்கும், மற்றதில் வலப்புறம். காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் ஓட்டுகிறவர் எந்தக் காலை அழுத்துவது என்று ஏறும் முன்பே மனத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஸ்டாங்கில் இந்தத் தொல்லைகள் குறைவு. ரேடியேட்டர் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது, அதன் கதவு தானே திறந்து மூடும். கட்டுப்பாட்டுக் கம்பியைப் பின்னால் இழுத்தால் வால்சக்கரம் பூட்டிக்கொண்டு, கால்மிதிக்கேற்பச் சில பாகைகள் மட்டும் திரும்பும். அகன்ற கால்கள், வசதியான இருக்கை, பிந்திய வகைகளில் குமிழ் போன்ற கண்ணாடிக் கூரை.

வானில் கதை தலைகீழாகிறது. ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை அடிப்பகுதியிலிருந்து நுனிக்குப் போகப் போக லேசாக முறுக்கப்பட்டிருக்கிறது. வேகம் குறைந்து தூக்குவிசை அறுந்துபோகும் நிலை, அதாவது ஸ்டால், முதலில் அடிப்பகுதியில் தொடங்குகிறது. விமானம் முழுதும் நடுங்கி முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, அப்போதும் நுனிப்பகுதி கட்டுப்பாட்டில்தான் இருக்கும். இரண்டு விரலால் மூக்கை உயர்த்தலாம் என்று விமானிகள் சொல்வது அதன் மென்மையைத்தான். போர்க்காலத்தில் குறைந்த பயிற்சியோடு வந்த இருபது வயதுப் பையன்கள் அதை எல்லை வரை திருப்பித் தப்பிக்க முடிந்ததற்கு இந்த முறுக்கு ஒரு காரணம்.

மஸ்டாங்கின் இறக்கை காற்றின் இழுவையைக் குறைப்பதற்காகவே வடிக்கப்பட்டது. தொலைதூரத்துக்கு அது வரம், ஸ்டாலில் அது சாபம். எச்சரிக்கை குறைவு, ஓர் இறக்கை சட்டென்று சரியும். தரையிறங்க வந்துவிட்டு, வேண்டாமென்று மீண்டும் மேலே ஏற முயன்று த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளினால், 3.4 மீட்டர் புரொப்பெல்லரின் திருகுவிசை விமானத்தையே இடப்பக்கம் புரட்டப் பார்க்கும். அந்த உயரத்தில் திருத்த நேரம் இருக்காது. மஸ்டாங் பயிற்சியில் 'மெதுவாகத் தள்ளு' என்பதுதான் முதல் பாடம்.

தூரத்தில் போட்டியே இல்லை. தொடக்க ஸ்பிட்ஃபயரில் சுமார் 386 லிட்டர் எரிபொருள், மஸ்டாங் டி வகையில் ஆயிரம் லிட்டருக்கும் மேல். கூடுதல் தொட்டிகளோடு அதற்கு முந்திய பி வகை 1944 மார்ச்சில் பெர்லின் வரை குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் போனது. விமானியின் முதுகுக்குப் பின்னே இருந்த 320 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் எடை பின்னுக்குப் போய் விமானம் தள்ளாடும். இன்று பல மஸ்டாங்குகளில் அந்தத் தொட்டியைக் கழற்றி இரண்டாவது இருக்கை போட்டிருக்கிறார்கள்.

இந்த இருவர் சண்டையில் எப்போதும் ஓரங்கட்டப்படுவது அதே காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானமான ஹரிக்கேன். பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயரைவிட அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது அதுதான். தடித்த இறக்கை, அகன்ற கால்கள், பின்னுடலில் துணிப் போர்வை. ஆனால் மறுசீரமைப்பதில் மூன்றிலும் கடினமானது இதுவே. இறக்கையின் உத்திரங்கள் பன்னிரு பக்க எஃகுக் குழாய்களால் ஆனவை, அவற்றைச் செய்யும் கைத்தொழிலே அற்றுப்போயிருந்தது. வான்போரில் பறந்த ஆர் 4118 என்ற ஹரிக்கேன், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய் 2004இல் மீண்டும் பறந்தது. அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஸ்பிட்ஃபயர் வானில் தாங்கும் என்றதால் அதில் ஆபத்தில்லை என்று பொருளல்ல. 2024 மே 25 அன்று பழைய போர்விமானங்களைப் பறக்கவிடும் பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவான பிரிட்டன் வான்போர் நினைவு அணியின் ஸ்பிட்ஃபயர் ஒன்று இங்கிலாந்தின் காணிங்ஸ்பி தளத்துக்கு அருகே விழுந்து, ஸ்குவாட்ரன் லீடர் மார்க் லாங் உயிரிழந்தார். டைஃபூன் ஜெட் விமானி அவர்.

புதிதாக இந்த உலகுக்குள் வரும் விமானிக்கு நான் சொல்வது மஸ்டாங்தான். பறக்கும் நிலையில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, உதிரிபாகம் கிடைக்கிறது, ஃபுளோரிடாவின் கிஸிம்மியில் இரட்டைக் கட்டுப்பாட்டு மஸ்டாங்கில் ஆசிரியர் உடன் இருக்க ஸ்டாலைப் பழகலாம். ஆனால் ஓர் இருக்கை எனக்குக் கிடைத்தால் நான் கேட்பது எம்.எல். 407 என்ற ஸ்பிட்ஃபயரின் பின்னிருக்கை. 1944இல் நார்மண்டி தரையிறக்கத்தின் மேல் பறந்த விமானம் அது, பின்னர் அயர்லாந்து விமானப்படைக்காக இரட்டை இருக்கையாக மாற்றப்பட்டது. அதைப் பல ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்த நிக் கிரேஸ் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளோடு நின்ற அவர் மனைவி கேரலின், விற்றுவிடச் சொன்னவர்களுக்குச் செவிசாய்க்காமல் அந்த விமானத்தையே ஓட்டக் கற்று, 1990இல் தனியாகப் பறந்தார். அதன்பின் பல ஆண்டுகள், அந்தக் குறுகிய சக்கரங்களின் மேல் அதைத் தரையிறக்கிக்கொண்டிருந்தவர் அவர்.