எம்.ஏ. சமூகவியல்: டி.எஸ்.இ.யா, தெற்காசியப் பல்கலைக்கழகமா?

டெல்லியில் சமூகவியல் எம்.ஏ. படிக்க நினைக்கும் நம்ம பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் (டி.எஸ்.இ.), தெற்காசியப் பல்கலைக்கழகம் என்ற இந்த இரண்டைப் பற்றித்தான். நான் சேர்ந்தது தெற்காசியப் பல்கலைக்கழகத்தில். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் பெருமையைச் சொல்லவே வேண்டாம். 1959-ல் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் அங்கே தொடங்கிய சமூகவியல் துறை, பக்கத்திலேயே ரத்தன் டாடா நூலகம், வேலை கேட்டுப் போகும் இடத்தில் எடுபடும் பெயர். இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். அங்கே நான் படித்ததில்லை, தோழிகள் சொன்னதுதான்.

தெற்காசியப் பல்கலைக்கழகம், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் எட்டு நாடுகளும் சேர்ந்து உருவாக்கியது. 2010-ல் தொடங்கி, இப்போது தெற்கு டெல்லியின் மைதான் கடியில் இயங்குகிறது.

ஆனால் பல நாட்டுக்காரர்கள் ஒரே வகுப்பில் இருந்தால் மட்டும் போதாது. மெஸ்ஸில் அவரவர் ஊர்க்காரரோடுதான் உட்காருவார்கள். சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் பழகப் பழக முன்முடிவுகள் குறையும் என்று 1954-லேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். இரண்டு பேர் சேர்ந்து ஒரு செமினார் கட்டுரை எழுதும்போது இந்த நான்கும் தானாக அமைந்துவிடுகின்றன.

எனக்கு ஆசிரியர் ஜோடி சேர்த்தது ஒரு சிங்கள மாணவியை. தலைப்பு, இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கிய சட்டம். நான் கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். இருவருக்கும் ஒரே மதிப்பெண் என்பதால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆதாரம் கேட்டுக்கொண்டோம். யாழ்ப்பாணத்தையும் மலையகத்தையும் ஒரே கதையாக்க அவள் விடவில்லை. சட்டம் யாரை வதைத்தது என்பதைப் பூசி மெழுக நான் விடவில்லை. ஒருவர் கோபத்தைக் கேட்டுக்கொண்டே அவரோடு வேலை செய்ய முடியும் என்பது அங்கே எனக்குப் பழகியது. அப்புறம், காலனி ஆட்சியைத் தெற்காசியா முழுவதற்கும் பொதுவான தொடக்கமாக யாராவது பேசினால் நேபாள மாணவர் நிறுத்திவிடுவார். அவர்கள் நாடு காலனியாக இருந்ததே இல்லையே. வெறும் இந்தியர்கள் இருக்கும் வகுப்பில் இந்தக் குரல் எழ வாய்ப்புக் குறைவு.

என் வகுப்பில் நடந்தது எல்லா வகுப்பிலும் நடக்கும் என்று உறுதி தர முடியாது. எல்லா ஆசிரியரும் இப்படி ஜோடி சேர்ப்பதில்லை. அதனால் சேரும் முன் சீனியர்களிடம் கேளுங்கள்: கூட்டு வேலைக்கு எத்தனை மதிப்பெண், ஜோடியை முடிவு செய்வது யார்? டி.எஸ்.இ.யில் அப்படி ஒரு பேப்பர் இருந்து, வீடும் அது இருக்கும் வடக்கு வளாகத்துக்குப் பக்கம் என்றால், சரி, அங்கேயே சேரலாம்.