கலிபோர்னியா ரோலா, பிலடெல்பியா ரோலா?

சோற்றையும் மீன் போன்றவற்றையும் கடற்பாசித் தாளோடு சுருட்டித் துண்டுகளாக வெட்டும் ஜப்பானிய வகை உணவே சுஷி ரோல். ஆனால் அமெரிக்க சுஷிக் கடைகளில் பெரிதும் விரும்பப்படும் இவ்விரண்டும் ஜப்பானில் பிறந்தவை அல்ல. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸின் டோக்கியோ கைக்கான் உணவகத்தில், சூரை மீனின் கொழுத்த வயிற்றுப் பகுதி ஆண்டு முழுவதும் கிடைக்காததால், அதன் வழவழப்புக்கு ஈடாக இச்சிரோ மஷிட்டா அவகாடோவைச் சேர்த்ததில்தான் கலிபோர்னியா ரோல் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கனடாவின் வான்கூவரில் உணவகம் நடத்தும் ஹிடேகாசு டோஜோவும் அதற்கு உரிமை கோருகிறார். கடற்பாசித் தாளைக் கண்டு தயங்கியவர்களுக்காக அதை உள்ளே மறைத்துச் சோற்றை வெளியே வைத்த அந்த உத்தியே சுஷியை மேற்குலகில் பரப்பியது என்பது என் கருத்து. பிலடெல்பியா ரோல் பின்னர் வந்தது. அதிலுள்ள கிரீம் சீஸின் வணிகப் பெயரே அதற்கும் அமைந்துவிட்டது.

கடைக்குக் கடை அளவு மாறினாலும், எட்டுத் துண்டுகள் கொண்ட கலிபோர்னியா ரோலில் சுமார் 250 கலோரியும் 9 கிராம் புரதமும் 7 கிராம் கொழுப்பும் இருக்கும். பிலடெல்பியாவில் இவை முறையே 300, 14, 12 என்ற அளவில் இருக்கும். புரதத்தில் பின்னது முந்துவதற்குக் காரணம் அதிலுள்ள சால்மன் மீன். இதயத்துக்கு நல்லதெனக் கருதப்படும் ஒமேகா-3 கொழுப்பும் அதில் நிறைய உண்டு. ஆனால் மிகுந்தால் நல்லதல்லாத நிறைவுற்ற கொழுப்பைக் கிரீம் சீஸ் கொண்டுவருகிறது. அவகாடோவின் கொழுப்போ பெரும்பாலும் நிறைவுறாதது.

கலிபோர்னியா ரோலின் குறை, அவகாடோவோடு அதில் வைக்கும் நண்டில் இருக்கிறது. பல கடைகளில் அது நண்டே அன்று. வெள்ளை மீனை அரைத்து, மாவும் சர்க்கரையும் உப்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்த குச்சி. கோதுமையோ முட்டையோ ஒவ்வாதவர்கள் கேட்டறிந்த பிறகே உண்ண வேண்டும். எனினும் அது வெந்த பொருள். பிலடெல்பியாவில் வைக்கும் புகையூட்டிய சால்மன் பெரும்பாலும் வேகாதது. லிஸ்டீரியா கிருமிக்கு வாய்ப்பு இருப்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது.

உண்மையான நண்டு வைக்கும் கடை கிடைத்தால் கலிபோர்னியா ரோலையே நான் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும் சோயா சாஸில் கவனம் தேவை: ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் வகுத்த வரம்பே 2,000 மில்லிகிராம்தான்.