எனேபிளுக்கு எந்த ஆண் குதிரை? நான்கு பெயர்கள், ஓர் அலசல்

2020 அக்டோபரில் பந்தயக் குதிரையான எனேபிள் ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்றாள். 19 பந்தயம், 15 வெற்றி. பிரான்சின் ஆர்க் பந்தயம் இரண்டு முறை, இங்கிலாந்தில் அஸ்காட்டின் கிங் ஜார்ஜ் பந்தயம் மூன்று முறை, நடுவில் அமெரிக்கா போய் பிரீடர்ஸ் கப் டர்ஃப். இப்படி ஒரு பெண் குதிரை பண்ணைக்குத் திரும்பினால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: யாரோடு இணைசேர்ப்பது? ஃபிராங்கல், சீ தி ஸ்டார்ஸ், கிங்மேன், துபாவி என்ற நான்கு ஆண் குதிரைகளை எடுத்துக்கொள்கிறேன்.

ரேஸ் ரசிகனுக்கு முதலில் தோன்றும் பெயர் ஃபிராங்கல். 14 ஓட்டம், 14 வெற்றி. அதுவும் ஜட்மான்ட் பண்ணைக் குதிரை, எனேபிளும் ஜட்மான்ட் பண்ணைக் குதிரை. வெளியே தேட வேண்டியதில்லை, கட்டணம் கேட்க ஆள் இல்லை. ஆனால் 2021இல் அவளுக்கு முதலில் தேர்ந்தெடுத்தது கிங்மேனை, அடுத்த ஆண்டு துபாவியை. என் கணக்கிலும் ஃபிராங்கல் இந்தப் பட்டியலில் கடைசிதான். மிகச் சிறந்த ஆண் குதிரை எது என்று கேட்டால் ஃபிராங்கல் என்று சொல்லலாம். இந்தப் பெண் குதிரையிடம் எது கூடுதல், எது குறைவு என்று கேட்டால் பதில் வேறு.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயக் குதிரைகளின் இனமான தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமே இல்லை. நேரடியாக இணைசேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவேட்டில் சேர்ப்பார்கள். ஆகவே பெண் குதிரைதான் ஆண் குதிரை நிற்கும் பண்ணைக்குப் பயணம் போக வேண்டும். பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கும். சினைக்காலம் சுமார் 11 மாதம். வட அரைக்கோளத்தில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பதால், தவறிப்போய் டிசம்பர் கடைசியில் பிறக்கும் குட்டிக்கு மறுநாளே ஒரு வயது ஆகிவிடும். அதனால்தான் தேதி பார்த்து இணைசேர்க்கும் இந்த அவசரம் எல்லாம். ஓர் ஆண்டுக்கு ஒரு குட்டிதான், ஆக எனேபிள் மாதிரி ஒருத்திக்கு வாழ்நாளில் கிடைக்கும் வாய்ப்புகள் மிகக் கொஞ்சம்.

எனேபிள் பிறந்த கதையே ஓர் ஒப்பீடுதான். 2013 பருவத்தில் இங்கிலாந்தில் இரண்டு புதிய ஆண் குதிரைகள் பண்ணைக்கு வந்தன: ஃபிராங்கல், நத்தானியேல். இரண்டும் 2008இல் பிறந்தவை, இரண்டுக்கும் தகப்பன் கலிலியோ. ஃபிராங்கலின் முதல் பந்தயமே நத்தானியேலோடுதான். 2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டில் அரை உடல் நீளத்தில் ஃபிராங்கல் ஜெயித்தது. அப்புறம் ஒன்று உலகப் புகழுக்குப் போனது, மற்றது கிங் ஜார்ஜ், எக்லிப்ஸ் பந்தயம் இரண்டையும் வென்று மரியாதையாக ஓய்வுபெற்றது. பொலிக் கட்டணம், அதாவது இணைசேர்ப்புக்கு வாங்கும் தொகை, அப்போது ஃபிராங்கலுக்கு 1,25,000 பவுண்டு, நத்தானியேலுக்கு 20,000 பவுண்டு.

ஜட்மான்ட்டிடம் கான்சென்ட்ரிக் என்ற பெண் குதிரை இருந்தது. சாட்லர்ஸ் வெல்ஸின் மகள். சொந்த லாயத்தில் ஃபிராங்கல் நின்றுகொண்டிருக்க, அவளை நத்தானியேலிடம் அனுப்பினார்கள். 2014இல் பிறந்த குட்டிதான் எனேபிள். ஃபிராங்கலின் முதல் ஆண்டுக் குட்டிகளிலும் கிராக்ஸ்மேன், ஜப்பானின் சோல் ஸ்டிர்ரிங் என்று நல்ல பெயர்கள் உண்டு, ஆனால் எனேபிள் இல்லை. ஆறு மடங்கு மலிவான தகப்பனிடமிருந்து அவள் வந்தாள்.

இந்த இணைப்பில் ஒரு சிக்கலும் இருந்தது. கலிலியோவின் தகப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ். அதாவது எனேபிளின் தாய்வழித் தாத்தாவும் தகப்பன்வழிக் கொள்ளுத்தாத்தாவும் ஒரே குதிரை. தகப்பன் பக்கம் மூன்றாம் தலைமுறை, தாய் பக்கம் இரண்டாம் தலைமுறை என்பதால் பண்ணைக்காரர்கள் இதை மூன்றுக்கு இரண்டு என்பார்கள். நெருங்கிய ரத்தம் எவ்வளவு கலந்தது என்று பார்க்கும் உள்ளினச்சேர்க்கைக் கணக்கில் 6.25 சதவீதம். நமக்கு இதைப் புரியவைக்க ஆய்வுக்கட்டுரை வேண்டியதில்லை: அத்தை மகளை, மாமன் மகளைக் கட்டியவர்களின் பிள்ளைக்கு வரும் அளவு இது. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டினால் 12.5. எல்லாத் தரோபிரெட்டிலும் நார்தர்ன் டான்சர் மாதிரி பழைய பெயர்கள் மேலே எங்கோ இருக்கும். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக எனேபிள் ஏற்கெனவே சொந்தத்தில் பிறந்தவள். அதை வைத்துக்கொண்டு நான்கு பேரையும் பார்ப்போம்.

ஃபிராங்கலைத் தேர்ந்தால் குட்டிக்குத் தாத்தா கலிலியோ, தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவும் கலிலியோ. அதிலேயே 6.25. அதற்கு மேல் கான்சென்ட்ரிக் வழியாக வரும் சாட்லர்ஸ் வெல்ஸ் இன்னொரு 3.1 சதவீதத்தைக் கூட்டும். மொத்தம் 9.4 பக்கம் வந்து நிற்கும், அதாவது அத்தை மகளுக்கும் அக்காள் மகளுக்கும் நடுவில். குட்டி நிச்சயம் ஊனமாகப் பிறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனேபிளே நெருங்கிய ரத்தத்தின் விளைவுதானே! ஆனால் ஒரு தடவை பலித்த சூதாட்டத்தை அதே மேசையில் பந்தயத்தொகையை ஏற்றி ஆட வேண்டுமா என்பதே கேள்வி. சினை பிடிப்பது, குட்டியின் திடம் எல்லாமே நெருங்கிய ரத்தத்தில் பாதிக்கப்படலாம். கலிலியோ கொடுத்த நெஞ்சுறுதியும் தூரம் தாங்கும் சக்தியும் எனேபிளிடம் வேண்டிய அளவு உண்டு. அதே பொருளை இன்னொரு மூட்டை வாங்கிப் போடுவதில் என்ன லாபம்? ஃபிராங்கலிடம் புதிதாகக் கிடைப்பது அதன் தாய் கைண்டின் தகப்பனான டேன்ஹில்லின் வேகம். அது பெரிய விஷயம்தான், ஆனால் வேகம் வேறு இடத்திலும் கிடைக்கிறது.

சீ தி ஸ்டார்ஸை ரசிகர்கள் சட்டென்று ஒதுக்கிவிடுவார்கள், கலிலியோவின் தாய்வழித் தம்பி என்பதால். இரண்டுக்கும் தாய் 1993 ஆர்க் வென்ற அர்பன் சீ. ஆனால் கணக்குப் போட்டால் எனேபிளோடு இது 3.1 சதவீதம்தான், ஃபிராங்கலில் மூன்றில் ஒரு பங்கு. சாட்லர்ஸ் வெல்ஸ் ரத்தம் சீ தி ஸ்டார்ஸிடம் கிடையாது. பொதுவாக இருப்பது அர்பன் சீ என்ற அருமையான தாய். பெரிய தாயின் ரத்தத்தை இரு பக்கமும் சேர்ப்பதை விரும்புகிற பண்ணைக்காரர்கள் உண்டு, எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. என் தயக்கம் வேறு. 2009இல் ஒரே ஆண்டில் கின்னீஸ் (ஒரு மைல் பந்தயம்), டெர்பி, ஆர்க் மூன்றையும் வென்ற குதிரை அது. அதன் குட்டிகளோ டெர்பி வென்ற ஹார்சாண்ட், ஓக்ஸ் வென்ற டக்ரூடா, சுமார் 4,000 மீட்டர் ஓடும் அஸ்காட் கோல்ட் கப்பை மூன்று முறை எடுத்த ஸ்ட்ராடிவேரியஸ் என்று தூரத்துக்குச் சாய்ந்தவை. எனேபிளும் 2,400 மீட்டர்காரி. இருவரும் சேர்ந்தால் மூன்று வயது பாதி கழியும்வரை பொறுமை காக்க வேண்டிய குட்டி வரவே வாய்ப்பு அதிகம்.

கிங்மேன் நேர் எதிர். ஒரு மைல், அதாவது சுமார் 1,600 மீட்டர் ஓடும் குதிரை. எட்டு ஓட்டத்தில் ஏழு வெற்றி, கடைசி ஃபர்லாங்கில் (சுமார் 200 மீட்டர்) கியர் மாற்றியதுபோல் ஒரு பாய்ச்சல். தாய் செண்டா 2002இல் பிரெஞ்சு கின்னீஸ் வென்றவள், அவளும் ஜட்மான்ட்டுக்காரிதான். தகப்பன் இன்வின்சிபிள் ஸ்பிரிட் முழு வேகக்காரன். ரத்தத்தில் சாட்லர்ஸ் வெல்ஸும் இல்லை, அர்பன் சீயும் இல்லை. எனேபிளிடம் இல்லாததைக் கொடுக்கும், இருப்பதை இரட்டிப்பாக்காது. 2018இல் 55,000 பவுண்டாக இருந்த கட்டணம் 2021இல் 1,50,000. அந்த ஏற்றத்தை ஓடிய குட்டிகள் சம்பாதித்துக் கொடுத்தன. இன்னொரு வசதி, நியூமார்க்கெட்டில் சொந்தப் பண்ணையான பான்ஸ்டெட் மேனரிலேயே நிற்கிறது. முதல் தடவை சினையாகும் பெண் குதிரைக்குத் தெரிந்த ஆட்கள், தெரிந்த இடம், கைதேர்ந்த ஆண் குதிரை என்று அமைவது சின்ன விஷயமில்லை. முதல் முறைத் தாயும் முதல் பருவத் தகப்பனும் சேர்ந்தால் பிறக்கும் குட்டியை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

கிங்மேனின் அந்த ஒரே தோல்வி எங்கே என்று பாருங்கள். 2014 நியூமார்க்கெட் கின்னீஸில் அதை முந்தியது நைட் ஆஃப் தண்டர். தகப்பன் துபாவி, தாய் கலிலியோவின் மகள். சரி, எனேபிளையே 2020 எக்லிப்ஸில் தோற்கடித்தது யார்? கய்யாத். தகப்பன் துபாவி, தாய் கலிலியோவின் மகள்.

துபாவியின் கதை கொஞ்சம் நீளமாகவே சொல்லத் தகுந்தது. அதன் தகப்பன் துபாய் மில்லெனியம் ஒரே ஒரு பருவம் பொலிக்கு நின்று, 2001இல் புல் நோய் வந்து இறந்துபோனது. மிச்சம் விட்டுப்போன சில டஜன் குட்டிகளில் ஒன்றுதான் துபாவி. பெரிய உருவம் இல்லை; அயர்லாந்தின் கின்னீஸும் பிரான்சின் ஜாக் லெ மாருவாவும் வென்றது. 2006இல் பொலிக் கட்டணம் 25,000 பவுண்டு. 2009இல் 15,000க்கு இறங்கியது. மறு ஆண்டே அதன் முதல் வரிசைக் குட்டி மக்ஃபி கின்னீஸை வென்றது. பிறகு ஏறிய விலை 2017இல் 2,50,000. மைல் ஓடும் மக்ஃபியும் 2,400 மீட்டர் ஓடும் போஸ்ட்போண்டும் துபாய் உலகக் கோப்பை வென்ற மான்டெரோசோவும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். தூரம் தாயிடமிருந்து, முனைப்பு தகப்பனிடமிருந்து என்று சொல்லத் தோன்றும் அளவுக்குப் பரந்த வரிசை.

கலிலியோ, சாட்லர்ஸ் வெல்ஸ், டேன்ஹில், அர்பன் சீ: ஐரோப்பியப் பண்ணைகள் மூழ்கிக் கிடக்கும் இந்த நான்கு பெயரும் துபாவியின் ரத்தத்தில் இல்லை. அதன் தகப்பன்வழி அமெரிக்காவின் மிஸ்டர் பிராஸ்பெக்டர் என்ற குதிரையின் வழி. கலிலியோவின் மகள்கள் நிறைந்த ஒரு கண்டத்தில் இதற்கு விலை எகிறாமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. துபாவிக்கும் கலிலியோ மகள்களுக்கும் ‘பொருத்தம்’ என்று பேசும்போது, அந்த மகள்களின் தரத்தை மறந்துவிடுகிறோம். கய்யாத்தின் தாய் நைட்டைம் அயர்லாந்தின் ஆயிரம் கின்னீஸை வென்றவள். அத்தகையவர்களைத்தான் இவ்வளவு பெரிய கட்டணம் கட்டி அனுப்புவார்கள். நல்ல தாயும் நல்ல தகப்பனும் சேர்ந்தால் நல்ல குட்டி வருகிறது. அதில் பாதியையாவது ‘பொருத்தம்’ தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. டேன்ஹில் ரத்தத்தையும் சாட்லர்ஸ் வெல்ஸ் ரத்தத்தையும் பற்றி இதேபோல் பேசுவார்கள். கான்சென்ட்ரிக்கின் உடன்பிறந்த டான்ஸ் ரூட்டீனை டேன்ஹில் மகன் டான்சிலியிடம் அனுப்பியபோது ஃபிளின்ட்ஷயர் பிறந்தது. இரண்டு முறை ஆர்க்கில் இரண்டாம் இடம், ஹாங்காங் வாஸில் வெற்றி. ஒரே தாய் தகப்பனின் இரண்டு மகள்கள்: ஒருத்தி அந்நிய ரத்தத்தோடு சேர்ந்து ஃபிளின்ட்ஷயரைக் கொடுத்தாள், மற்றவள் சொந்த ரத்தத்தோடு சேர்ந்து எனேபிளைக் கொடுத்தாள். பொருத்தம் பார்க்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

அதனால் துபாவிக்கு என் ஓட்டு பொருத்தத்துக்காக இல்லை. ரத்தம் விலகியிருக்கிறது, எந்தத் தாயின் தூரத்தையும் ஏற்றுக்கொள்கிறது, சாட்சிக்குக் குட்டிகள் ஓடிக் காட்டியிருக்கின்றன. 2021இல் அதற்கு வயது 19 என்பது ஒன்றுதான் உறுத்தல். வயதான ஆண் குதிரைக்கு அனுப்பும் பெண் குதிரைகளின் எண்ணிக்கையைப் பண்ணைக்காரர்களே குறைப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நானாக இருந்தால் வரிசையை மாற்றி, துபாவியை முதல் ஆண்டும் கிங்மேனை அடுத்த ஆண்டும் வைத்திருப்பேன். கிங்மேன் 2011இல் பிறந்தது, காத்திருக்கும். துபாவிதான் காத்திருக்காது. நல்ல வேளை, ஒரு வருடத் தாமதம் பாதகமாகவில்லை; 2023இல் எனேபிள் துபாவியின் ஆண் குட்டியை ஈன்றாள்.

எனேபிள் இல்லாதவர்கள் என்ன செய்வது? 20,000 பவுண்டு கையில் இருக்கிறது, பந்தயத்தில் சுமாராக ஓடிய ஒரு கலிலியோ பேத்தி இருக்கிறாள் என்றால் மேலே சொன்ன நால்வரும் கனவுதான். விற்பதற்காகக் குட்டி வளர்ப்பவர் பொதுவாகப் புது ஆண் குதிரையின் முதல் பருவத்துக்கு ஓடுவார், ஏனென்றால் அதன் குட்டிகள் தோற்பதற்கு முன்பே ஏலத்துக்கு வந்துவிடும். தானே ஓட்டப் போகிறவர் அந்தக் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை. மூன்றாவது, நான்காவது பருவத்தில் விலை சரிந்து, குட்டிகள் இன்னும் ஓடாத நிலையில் ஓர் ஆண் குதிரை நிற்கும். துபாவி 15,000க்கு நின்றது அப்போதுதான். நைட் ஆஃப் தண்டர் 2016இல் 30,000 யூரோவில் தொடங்கி 2019இல் 15,000க்கு வந்தது; அந்த ஆண்டே அதன் இரண்டு வயதுக் குட்டிகள் ஓடி ஜெயிக்க, 2021இல் 75,000. எல்லாக் குதிரைக்கும் இப்படி நடக்காது, பல அப்படியே காணாமல் போகும். ஆனால் இந்தக் கலிலியோ பேத்தியை நைட் ஆஃப் தண்டரிடம் அனுப்பும் முன் அதன் தாய் யார் மகள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கேயும் கலிலியோதான்.