நான்கு வருடமாக "மிதமானது" என்றே சொல்லும் செயலி

போன வாரம் லீட்ஸிலிருந்து நண்பர் கேட்டார். "நடக்கிறதுக்கு வழி போடுற அந்த ஆப், சந்தா பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே." ஆமாம் அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முடியவில்லை. எந்தச் செயலி என்று எழுதப் போவதில்லை. வரைபடத்தில் விரலால் புள்ளி வைத்தால் பாதைகளைப் பிடித்துக்கொண்டு தானே கோடு போடும், தூரமும் ஏற்றமும் சொல்லும், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இந்த வகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நான் அதை எடைபோடுவது ஒரே ஒரு வழியை வைத்து. இங்கிலாந்தின் வடக்கே, கம்ப்ரியாவும் நார்தம்பர்லண்டும் சேரும் எல்லையில் கில்ஸ்லண்ட் என்றொரு சின்ன ஊர். ரோமானியர் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவர் அதன் வழியாகத்தான் போகிறது. ஊரில் கிளம்பி, பால்ட்ராஸ் ஓடைக்கரையில் இருக்கும் 48ஆம் எண் மைல்கோட்டையை (சுவரில் மைலுக்கு ஒன்றாக வைத்த சின்னக் காவல்கோட்டை) பார்த்துவிட்டு, வில்லோஃபோர்டு வயல்களில் இறங்கி, இர்திங் ஆற்றைத் தாண்டி, மேட்டில் ஏறி பேர்டோஸ்வால்ட் என்ற ரோமானியக் கோட்டைக்குப் போய், வேறு வழியாகத் திரும்புவது. என் சுற்றில் சுமார் 8 கிலோமீட்டர், ஏற்றம் 180 மீட்டர். ஐந்து முறை நடந்தாயிற்று.

ஐந்து முறையும் செயலி சொன்னது: "மிதமானது. 1 மணி 55 நிமிடம்."

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. 1892இல் நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி போட்ட கணக்கு அது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் 1 மணி நேரம். என் வழிக்கு அதைப் போட்டுப் பாருங்கள், 1 மணி 54 நிமிடம் வரும், ஏறக்குறைய அதேதான். அவரைக் குறை சொல்லவில்லை. நிற்காமல் நடக்கிற ஆளுக்கு அது நல்ல கணக்கு. நாங்கள் அப்படி இல்லை. மனைவி, ஒன்பது வயதுப் பையன், ஒரு டப்பா புளிசாதம். மைல்கோட்டையின் மூலையில் கற்படிகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் சரிவை நீட்டிப் பார்த்துத்தான் அந்த இடத்தில் சுவரின்மேல் காவலர் நடக்கும் தளம் 12 அடி உயரத்தில் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். இதைப் பையனிடம் சொன்னால் அவன் தானும் கணிக்க வேண்டும் என்பான். அங்கேயே அரை மணி நேரம் போய்விடும். எங்களுக்கு மொத்தம் நாலரை மணி நேரம்.

சரி, அது எங்கள் சோம்பேறித்தனம். சேறு யாருடைய குற்றம்? ஜூனில் ஓடிப் போகலாம் போலிருக்கும் வயல், பிப்ரவரியில் கணுக்கால் வரை இழுக்கும். செயலிக்கு மாதம் தெரியாது. சுவர்ப்பாதையில் நடப்பவர்களுக்கு முத்திரை குத்தும் அட்டைகூட மே முதல் அக்டோபர் வரைக்கும்தான், ஈர மண்ணில் மிதித்தால் அடியில் புதைந்திருக்கும் ரோமானிய எச்சங்கள் கெட்டுப்போகும் என்பதால். கன்றோடு நிற்கும் மாடுகள் தெரியாது. கல்மதிலைத் தாண்ட வைத்த வழுக்குப் படிகளும் தெரியாது. எல்லாம் "மிதமானது".

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். ஆற்று விஷயத்தை மன்னிக்க மாட்டேன். போகும்போது இர்திங்கைத் தாண்டினால் திரும்பும்போதும் எங்காவது தாண்டித்தானே ஆக வேண்டும்? முதல் தடவை திரும்பும் வழியைச் செயலியிடமே விட்டேன். பாலமே இல்லாத இடத்தில் ஆற்றின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டு, 900 மீட்டர் நடை குறையும் என்று பெருமையாகக் காட்டியது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. கரையில் போய் நின்று, கீழே பழுப்பாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சுற்றிக்கொண்டு ஊர்ப்பக்கத்துச் சாலைப் பாலத்துக்குப் போனோம். மனைவி ஒன்றும் பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம். பிழை என்று எழுதி அனுப்பினேன், நன்றி என்று பதில் வந்தது. கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வில்லோஃபோர்டில் ரோமானியர் கட்டிய பாலத்தின் கிழக்குக் கரைத் தாங்குசுவர் இருக்கிறது. பெரிய பெரிய செதுக்குக் கற்கள். ஆனால் அது ஆற்றோரத்தில் இல்லை, புல்வெளியில் நிற்கிறது. ஆறு மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து போய்விட்டது. இப்போது ஆற்றைத் தாண்டுவது 1999இல் போட்ட, துருப்பிடித்தது போலத் தெரியும் இரும்பு நடைபாலத்தில். அந்தக் கற்களின்மேல் நின்று போனைப் பார்த்தேன். நான் ஒரு புள்ளி, ஆற்றின் நீலக்கோடு தள்ளி மேற்கே. என் காலடியில்தான் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். எந்தத் தகவல் பலகையும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அங்கிருந்து நடைபாலம் தாண்டி மேட்டில் ஏறினால் 49ஆம் மைல்கோட்டை. ஆற்றுக்கு மேற்கே முதலில் புல்மண் கட்டிகளால்தான் சுவர் எழுப்பினார்கள், கல் பிறகு வந்தது. மைல்கோட்டையிலிருந்து பேர்டோஸ்வால்ட் வரை சுவர் விடாமல் கூடவே வருகிறது, மிஞ்சியதில் இதுவே நீளமான துண்டு. கோட்டையில் காவலிருந்தது இன்றைய ருமேனியாப் பக்கத்து டேசியப் படை. தானியக் களஞ்சியம் இடிந்த பிறகு அதே இடத்தில் யாரோ மரக்கூடம் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள், தூண்கள் நின்ற இடத்தில் இப்போது மரக்கட்டைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த மூலை அதுதான்.

இன்னொரு நல்ல விஷயம், நடந்த தடங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்க்கலாம். ஐந்து தடங்களும் சுவரோரமாக ஒரே கோடாகப் போய், ஒரு வயல் கேட் அருகே மட்டும் விசிறி மாதிரி விரிகின்றன. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் ஒதுங்கியிருக்கிறோம்.

இதற்கு நடுவில் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்43 காகித மேப்பையும் வாங்கிவிட்டேன். அதில் ரோமானிய இடங்களின் பெயர் மட்டும் தனி எழுத்தில் இருக்கும். மேப்பை மேசையில் விரித்தால் பாலம் எங்கே, பாதை எங்கே என்று ஒரே பார்வையில் தெரிகிறது. இப்போது வழி போடுவது அதில்தான். போட்டு முடித்த பிறகு செயலியில் ஏற்றிக்கொள்கிறேன்.

ரயிலில் வருவதாக இருந்தால் இன்னொன்று. மைல்கோட்டையை ஒட்டித்தான் தண்டவாளம் போகிறது, ஆனால் கில்ஸ்லண்டில் வண்டி நிற்காது, ஸ்டேஷனை 1967இலேயே மூடிவிட்டார்கள். ஹால்ட்விசிலில் இறங்க வேண்டும்.

நண்பருக்குக் கடைசியில் அனுப்பிய பதில்: "வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். மேப் வாங்குங்க." உடனே கேட்டார்: "அப்ப நீங்க நிறுத்திட்டீங்களா?" இல்லை, மார்ச்சில் புதுப்பித்துவிட்டேன். தடங்களை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தெரியும். இன்னும் எடுக்கவில்லை.